நத்தார் கேக்கும் ஒரு தீராத வழக்கும்

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் அடிக்கும் சம்பிரதாயத்தைப் பற்றி எழுதப் புகுகிறவன், அதன் மணத்தையும் ருசியையும் மட்டும் வர்ணித்துவிட்டு அப்பால் போய்விடுவானாகில், விஷயத்தில் சரிபாதியை மறைத்தவனாவான். அந்தக் கேக் துண்டுகளாக வெட்டப்பட்டு, மினுமினுக்கும் தாளில் சுற்றப்பட்டு, அயலார் வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால், அது பிறந்த வீட்டில் நடந்தேறிய வாக்குவாதங்களும், மனஸ்தாபங்களும், ஒருவரோடொருவர் முகங்கொடாமல் கழிந்த இரண்டொரு பொழுதுகளும், அதில் இடப்பட்ட கறுவாவையும் கராம்பையும் போலவே அதன் சேர்மானங்களாம் என்பது என் அபிப்பிராயம். குடும்ப மரபு என்று நாம் மரியாதையாகப் பெயரிட்டு அழைப்பது, கிட்டப் போய்ப் பார்த்தால், தீர்ப்புச் சொல்லப்படாமல் ஆண்டுதோறும் மறுதவணைக்கு ஒத்திவைக்கப்பட்டு வரும் ஒரு வழக்காகவே இருக்கிறது.

கேக் என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களின் நினைவுக்கு வரும் பேக்கரிப் பிளம் கேக்கை இங்கே சற்று மறந்துவிட வேண்டும். இலங்கையில் நத்தாருக்கென்று செய்யப்படுவதற்குக் கோதுமை மாவை விட ரவையே ஆதாரம். அந்த ரவையும்கூட, பழங்களும் பருப்புகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கு வேண்டிய அளவுக்கு மேல் இடம்பெறுவதில்லை. பட்டர், சீனி, சுல்தானா, நாங்கள் பிளம்ஸ் என்று வழங்கும் முந்திரிகை வற்றல், பொடியாக அரிந்த கஜு, இஞ்சிப்பாகு, நீற்றுப்பூசணியைச் சீனியில் காய்ச்சிச் சிங்களவர் புகுல் தோசி என்று விற்கும் பூசணிப்பாகு, சௌசௌ எனப்படும் கலவைப் பாகு, செரி, தோடம்பழத் தோல், தேன், பன்னீர், வனிலா, பாதாம் எசன்ஸ், ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய், இவையெல்லாம் ஊறுவதற்கென்று பிராந்தி: அட்டவணையை வாசிப்பதற்கே ஒரு மூச்சுப் போதாது. மஞ்சட்கரு 25 என்பது பல வீடுகளில் வேதவாக்கு. பொங்குவதற்கென்று பவுடர் எதையும் சேர்ப்பதைக் கௌரவக் குறைவாக எண்ணும் வீடுகளும் உண்டு. அங்கெல்லாம் பட்டரிலும் முட்டையிலும் அடித்தடித்து ஏற்றிய காற்றே கேக்கை உயர்த்த வேண்டியிருப்பதால், அடிக்கிற கைக்கு ஓய்வென்பது கிடையாது.

இதன் பூர்வீகம் கலப்பானது. 1505 இல் இலங்கையில் கரைசேர்ந்து, 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கிய போர்த்துக்கேயர் வழிவந்ததென்று சொல்லப்படும் லவ் கேக்கில் ரவையும் கஜுவும் இருக்கின்றன. 1658 இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தரின் ப்ரூடர் என்னும் வெதுப்புப் பண்டம், பறங்கியர் வீடுகளில் இன்றும் நத்தார்க் காலையில் வெட்டப்படுகிறது. பழங்களை மதுவில் ஊறவிடும் வித்தை ஆங்கிலேயருடையது. ஆனால் இந்தப் பரம்பரையை ஒரே இனிப்புக் கதையாகச் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கருக்கு நத்தாரைக் கொண்டாடும் சுதந்திரமே இருக்கவில்லை. 1687 இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகள் இரவு வேளைகளில் வீடு வீடாக மறைந்து சென்றே பூசை நிறைவேற்றி வந்தார். 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவிலோ, ஆணையாளர் வான் ரீட் என்பவரின் ஆட்கள் பூசைக்குக் கூடியிருந்த குடும்பங்களைச் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போயினர். அந்த இரவில் அந்த வீடுகளில் என்ன பலகாரம் இருந்ததென்று சரித்திரம் சொல்லவில்லை.

1929 இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்து வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல், கொழும்பிலிருந்து ரயிலேறி, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணிகள் சிலரின் கைக்கும் வந்து சேர்ந்தது. "எங்கள் பரம்பரைக்கே உரிய இரகசியம்" என்று சிரத்தையோடு காக்கப்படும் கேக் குறிப்புகளில் எத்தனை அந்நூலின் வழிவந்தவை என்று நான் சந்தேகிப்பதுண்டு. அந்தச் சந்தேகத்தைக் குசினிக்குள் நின்று வெளியிடும் தைரியம் எனக்கு இல்லை.

வேலை கார்த்திகை மாதக் கடைசியில் ஆரம்பமாகிவிடும். பழங்களைக் கழுவித் துடைத்து வெயிலில் உலர்த்தி, விதையும் காம்பும் நீக்கி, கடலைப் பருப்பளவுக்கு அரிந்து, பிராந்தியிலும் தேனிலும் ஊறப்போட வேண்டும். வட இலங்கைக்கு மழை தருகிற வாடைப் பருவம் சரியாக இந்த நாட்களைத்தான் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. சுளகில் பரப்பிய சுல்தானா முற்றத்தில் கால்மணி நேரம் வெயில் காண்பதற்குள் வானம் இருண்டுவிட, வீட்டிலுள்ள பிள்ளைகளெல்லாம் சுளகுக்கு ஓடுவதும், மீண்டும் வெயில் எட்டிப் பார்க்க மீண்டும் வெளியே கொண்டுவருவதும், ஈரம் முற்றும் போகாத பழம் அடியில் தங்கிக் கேக்கைக் களியாக்கிவிடும் என்ற அச்சத்தில் பெரியவர்கள் ஏசுவதும் நித்திய நிகழ்ச்சிகள். இந்த ஓட்டத்தில் சுல்தானாவில் ஒரு பங்கு பிள்ளைகளின் வாய்க்குப் போய்விடுவதை எவரும் பெரிய குற்றமாகப் பாராட்டுவதில்லை. கஜு அவ்வாறன்று, அதன் விலை அப்படிப்பட்டது, அதை அரியும்போது அம்மாவே பக்கத்தில் இருப்பாள்.

அடிக்கும் நாள் வேறுவகையான சோதனை. சீனியின் கூரான துணிக்கைகள் பட்டரைக் குடைந்து குடைந்துதான் அதற்குள் காற்றைப் புகுத்துகின்றன. பட்டர் உருகி எண்ணெயாகிவிட்டாலோ காற்று நிற்க இடமில்லை. எங்கள் ஊர் வெப்பத்தில் பட்டர் இளகாமல் நிற்பது விடியற்காலையில்தான் என்பதனால், நாலு மணிக்கே எழுந்து, மண்சட்டியைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, மரஅகப்பையால் ஒரே திசையில் அடிக்கத் தொடங்குவார்கள். திசை மாறினால் கேக் பிழைத்துவிடும் என்பது ஐதிகம்; அதற்குச் சாஸ்திரரீதியான ஆதாரம் ஒன்றும் எனக்குத் தெரிந்து இல்லை, ஆனாலும் திசை மாற்றி அடித்த எவரையும் நான் கண்டதில்லை. முட்டையை ஒவ்வொன்றாகத்தான் விட வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் கலவை திரைந்துபோகும். இந்த இடத்தில்தான் ஆண்களுடைய பங்களிப்பு என்று ஒன்று கோரப்படும். "தம்பி, கொஞ்ச நேரம் கை குடு, எனக்குத் தோள் விட்டுப்போச்சு" என்று பெரியம்மா கூப்பிட, வந்தவர் நூறு சுற்றுச் சுற்றிவிட்டு, "சீனி கரைஞ்சிட்டுது போலக் கிடக்கு, அக்கா" என்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்து அபிப்பிராயம் தெரிவித்துவிட்டுக் கழன்றுகொள்வார். பண்டிகையன்று விருந்தாளிகளுக்கு முன்னால், "இந்த முறை நாங்கள் அடிச்ச கேக்" என்று தன்மைப் பன்மையில் பேசுகிறவரும் இவரே.

வழக்கு என்று நான் முன்னே சொன்னதன் வாதிகளும் பிரதிவாதிகளும் இனித்தான் மன்றேறுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் அம்மம்மா வழி கத்தோலிக்கம். அப்பாச்சி வழி, 1816 இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தது. மதுவிலக்கைப் பெரிதும் வற்புறுத்திய அந்த மிஷனின் வளர்ப்பில் வந்த அப்பாச்சிக்கு, பழத்தைப் பிராந்தியில் ஊறப்போடுவதென்பது ஆண்டவருடைய பிறந்தநாளைச் சாராயத்தோடு கொண்டாடுவதற்குச் சமம். தேயிலைச் சாயமும் தோடம்பழச் சாறும் போதும் என்பது அவருடைய கட்சி. அம்மம்மாவோ, கானாவூர்க் கலியாண வீட்டில் நடந்த முதல் அற்புதத்தை அவருக்கு ஞாபகமூட்டுவார். வெண்கருவை எறிவதா, பாதியைத் திரட்டி அடித்துச் சேர்ப்பதா என்பதில் இன்னொரு பிரிவு. ரவையைப் பட்டரில் கிளறி இரவு முழுவதும் வைப்பதா, வறுத்து ஆறியதும் அப்படியே போடுவதா என்பதில் மற்றொன்று. இரு வீட்டாரின் குறிப்புகளும் ஒரே கொப்பியில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதப்பட்டிருந்தன. எங்கள் அம்மா இரண்டையும் பகிரங்கமாக மதித்து, அந்தரங்கத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றைச் செய்துவந்தாள். இரு சாராரும் துண்டைக் கடித்துப் பார்த்துத் தத்தம் கட்சி வென்றதாகவே திருப்தியடைந்தார்கள்.

குறிப்புக் கொடுப்பதிலும் ஒரு விசித்திரமான நாகரிகம் உண்டு. கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது பண்பன்று. முழுவதையும் சொல்லிவிடுவதோ விவேகமன்று. ஆகவே சாதிக்காயோ, ஒரு கரண்டி தேனோ, ஏதாவதொன்று எழுதித் தரும் தாளில் மறந்துபோய்விடும். பெற்றுக்கொண்டவரும் அது மறதியல்ல என்பதை அறிவார்; தாமும் அவ்வண்ணமே ஒருவருக்கு மறந்திருப்பார்.

இவ்வளவு பிரயாசைக்கும் பிறகு கலவை தயாராகிறபோது, அதைச் சுடுவதற்குரிய நெருப்பு வீட்டில் இருப்பதில்லை என்பதே அக்காலத்து யாழ்ப்பாண நத்தாரின் பெரிய சங்கடம். வீட்டு அடுப்பு விறகடுப்பு. ஒவன் என்பது உத்தியோகஸ்தர் சிலரின் வீடுகளில் மட்டும் இருந்த பொருள். ஆகையால் தகரத் தட்டுகளைத் துணியால் மூடி, சைக்கிள் கரியரில் கட்டி, ஊர்ப் பேக்கரியின் போறணைக்குக் கொண்டுபோக வேண்டும். செங்கல்லால் வளைத்துக் கட்டிய அந்தப் போறணைக்குள் விறகை எரித்து, தணலை வெளியே வாரிவிட்டு, சுவர்களில் தங்கிய வெப்பத்தில்தான் பாண் சுடுவார்கள். முதல் உக்கிரம் பாணுக்கு உரியது. பாண் இறங்கியபின் வெப்பம் படிப்படியாகத் தணிந்து வரும் வேளையே கேக்குக்கு ஏற்றது. பழமும் சீனியும் நிறைந்த இந்தக் கலவை 150 பாகைக்குக் குறைந்த செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கிடக்க வேண்டியது. அதற்கு மேற்பட்டால் ஓரம் கருகி நடு வேகாமல் நின்றுவிடும். அந்த ஆபத்துக்குப் பரிகாரமாகவே தட்டின் அடியிலும் சுற்றிலும் பழைய பத்திரிகைத் தாள்களைப் பல மடிப்பாக அடுக்கி, மேலே பட்டர் பூசிய தாளை விரிப்பார்கள். தாள் பற்றியெரிவதற்கு இதைவிட வெகு அதிகமான சூடு வேண்டுமாதலால் அது பழுப்பதோடு நின்றுவிடும். நாலு மடிப்பா ஆறு மடிப்பா என்பதிலும் எங்கள் வீட்டில் இரு கட்சிகள் இருந்தன என்பதை வாசகர் ஊகித்திருப்பார்.

நத்தாருக்கு முந்திய வாரத்தில் பேக்கரி வாசலில் ஊரே கூடிவிடும். ஒவ்வொரு தட்டிலும் பெயரெழுதிய துண்டொன்று குத்தப்பட்டிருக்கும். தட்டுக்கு இவ்வளவென்று கூலி. வெப்பத்தை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. போறணைக்காரர் வாசலில் கையை நீட்டி, சிறிது மாவை உள்ளே விசிறி, அது எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று பார்த்துத் தலையசைப்பார். அவர் தலையசைப்புக்கு அப்பீல் இல்லை. மாதக்கணக்கான சேமிப்பும், வாரக்கணக்கான வேலையும், இரு பரம்பரைகளின் மானமும் அந்த இருண்ட வாய்க்குள் நீண்ட மரத்துடுப்பின்மேல் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிறவர்களின் முகங்களை, பரீட்சைப் பெறுபேறு காத்து நிற்கும் மாணவரிடத்திலும் நான் கண்டதில்லை. வீட்டில் எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்திருந்த பெண்மணி, கடைசிக் கட்டத்தை முன்பின் பழகாத ஒருவரின் கையில் ஒப்படைக்க நேர்வதிலுள்ள வேதனை சாமானியமானதன்று. ஒருமுறை துண்டுகள் வெப்பத்தில் கருகிப் பெயர் தெரியாமற் போக, எங்கள் தட்டு எவருடைய வீட்டுக்கோ சென்று, எவருடையதோ எங்களிடம் வந்துவிட்டது. வந்தது எங்களுடையதைவிட நன்றாயிருந்தது. அதை ஒப்புக்கொள்வதற்கு வீட்டில் ஒருவர்கூட முன்வரவில்லை. பங்கிட்டுத் தின்பதற்கு மட்டும் பின்நிற்கவுமில்லை.

தாராளமான காலத்தை மனதிற்கொண்டு எழுதப்பட்ட இந்தக் குறிப்பு, தட்டுப்பாடான காலங்களையே அதிகமாகக் கண்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் இறுக்கப்பட்ட காலத்தில் சுல்தானாவும் செரியும் கடைகளிலிருந்து மறைய, பச்சைப் பப்பாசியைச் சிறு துண்டுகளாக்கிப் பாகில் காய்ச்சிச் சிவப்புச் சாயமூட்டி இட்டார்கள். 1990 இல் போர் மீண்டும் மூண்டு, மின்சாரம் அற்று, பொருளாதாரத் தடை குடாநாட்டை நெருக்கிய ஆண்டுகளில், அகன்ற பானைக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின்மேல் சிரட்டைக் கரித் தணலைக் கொட்டிச் சுட்டெடுத்த கேக்கைப் பற்றி என் உறவினர் இன்றும் பேசுவர். சீனிக்குப் பனங்கட்டியும், பிராந்திக்குப் பனஞ்சாராயமும் பிரதியாக வந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறிய பிறகு வந்த நத்தாரை, தென்மராட்சியில் பிறர் வீட்டு விறாந்தைகளில் கழித்தவர்களிடம் கேக்கைப் பற்றிக் கேட்பது அபத்தம். பின்பு, 2022 இல் நாடே பொருள் வறட்சியில் தவித்தபோது, எரிவாயுவுக்கு வரிசையும் மின்வெட்டும் ஒருபுறமிருக்க, ஆண்டிறுதியில் முட்டைக்கே தட்டுப்பாடு வந்து, மறு ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்தது. 25 மஞ்சட்கரு என்ற வேதவாக்கு அந்த நத்தாரில் பத்தாகவும் எட்டாகவும் திருத்தி வாசிக்கப்பட்டது. வெண்கருவை எறியும் கட்சி அத்துடன் ஒழிந்தது. கொள்கை மாற்றம் என்று எவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

செய்தவர்கள் அதிகம் தின்பதில்லை. நடுச்சாமப் பூசை முடிந்து வந்து ஆளுக்கொரு துண்டு, மற்றதெல்லாம் கொடுப்பதற்கே. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டித் தாளில் சுற்றுவதற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று வெளியூரார் நினைக்கலாம். அத்தனை சீனியும் பழமும் செறிந்த பண்டத்தில் அதற்குமேல் ஒருவர் உண்ண முடியாதென்பது ஒன்று. எத்தனை வீடுகள் என்ற கணக்கு முந்தியே நிச்சயிக்கப்பட்டுவிட்டதென்பது மற்றொன்று. சைவ வீடுகளுக்குக் கொடுப்பதில்தான் உண்மையான நுட்பம் இருக்கிறது. பல ஆண்டுகளில் நத்தாரும் திருவெம்பாவையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பாடிச் செல்லும் அந்தப் பத்து நாட்களிலும் விரதகாரர் வீட்டுக்குள் முட்டை பட்ட பண்டம் எதுவும் நுழையக் கூடாது. ஆகவே அவர்களுடைய தட்டத்தில் பயத்தம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் கதலி வாழைப்பழமும் மட்டும் இருக்கும். எங்கள் அயல் வீட்டு மாமி அதை வாங்கிக்கொண்டு, "அது எங்கை?" என்று மட்டும் கேட்பார். "விரதம் எல்லே, மாமி" என்றால், "விரதம் எனக்குத்தானே, பிள்ளையளுக்கு விரதமோ? மால் வளைக்கை வைச்சிட்டுப் போ" என்பார். விரதம் முடித்துத் தாமும் ஒரு துண்டு ருசி பார்ப்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். சீனியும் மதுவும் காத்து நிற்கும் அந்தக் கேக்குக்குப் பத்து நாள் ஒரு பொருட்டன்று. தைப்பொங்கலுக்கு அவர் தட்டம் திரும்பி வரும்போது அதில் சர்க்கரைப் பொங்கலோடு கேக்கைப் பற்றிய விமரிசனமும் வரும், சென்ற ஆண்டைவிட ஏலம் தூக்கல் என்று.

இத்தனை தொந்தரவு எதற்கு, கடையில் கிலோக் கணக்கில் வாங்கலாமே என்று இன்று கேட்கிறவர்களுக்கு நியாயம் இருக்கிறது. கடைக் கேக்கில் ஓரம் கருகுவதில்லை. பழம் அடியில் தங்குவதில்லை. செலவைக் கணக்கிட்டால் பல சமயம் மலிவும்கூட. இந்தச் சம்பிரதாயத்தின் பாரம் முழுவதும் பெண்களின் தோளில் கிடந்தது என்பதையும், பண்டிகையன்று பூசையில் அவர்கள் கண்ணயர்ந்ததைப் பக்திக் குறைவென்று விமரிசித்த ஆண்கள் இருந்தார்கள் என்பதையும் நினைக்கிறபோது, கடைக்காரருக்கு நன்றி சொல்லவே தோன்றுகிறது. என் மச்சாள் ஒருத்தி சில ஆண்டுகளாக வாங்கித்தான் கொடுக்கிறாள். அவளுடைய நத்தார் எங்களுடையதைவிட அமைதியானது. ஆனால் அவளுடைய தட்டத்தைப் பற்றி எவரும் ஒன்றும் சொல்வதில்லை என்பதை அவளே ஒருமுறை சிறு மனக்குறையோடு சொன்னாள். ஏலம் தூக்கலென்று குறை கூறுவதற்கும் அதில் யாருடையதேனும் ஒரு கை இருந்தாக வேண்டுமல்லவா?

டொரொண்டோவில் குடியேறிய எங்கள் உறவினர்களுக்குத் தட்டுப்பாடென்று எதுவும் இல்லை. வீட்டுக்கு வீடு ஒவன், மார்கழியில் குளிர் காரணமாகப் பட்டரை இளக்குவதுதான் அங்கே பிரச்சினை, பூசணிப்பாகும் சௌசௌவும் தமிழ்க் கடையில் போத்தலில் கிடைக்கின்றன, அடிப்பதற்கு இயந்திரம். வெப்பம் எண்ணில் குறித்தபடி நிற்கும் அடுப்பில் தட்டைச் சுற்றிப் பத்திரிகை அடுக்குவதற்கு முன்போல் அத்தனை அவசியமும் இல்லை. ஆனாலும் கார்த்திகை பிறந்ததும் தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகைகளைச் சின்னம்மா அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறாள். நாலு மடிப்பாக அடுக்குகிறாள். அவளுடைய மருமகள், தன் தாய் வீட்டில் ஆறு என்கிறாள். சென்ற நத்தாருக்கு இரு தரப்பாரும் யாழ்ப்பாணத்துக்கு வீடியோவில் அழைத்து அம்மாவிடம் நியாயம் கேட்டார்கள். அம்மா இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதலில் தட்டைக் காட்டச் சொன்னாள். காட்டியதும், அந்தத் தட்டு இந்தக் கலவைக்குச் சிறிது, பெரியதொன்று வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு, மடிப்பைப் பற்றி வாய் திறவாமலே அழைப்பைத் துண்டித்தாள்.